கியர் தாழ்த்தும் முறை

திண்டுக்கல்லினின்று நத்தம் செல்லும் சாலையிற் பிரிந்து சிறுமலைக்கு ஏறும் பாதை 18 கொண்டை ஊசி வளைவுகளை உடையது. வாழைத்தார் முதலியன ஏற்றிய வண்டிகள் அவ்வழியே இறங்கி நம் நகரை அடைகின்றன. ஒருமுறை யாம் நண்பர் சிலருடன் அம்மலைக்குச் சென்று மீளுங்கால், வாடகை வண்டியின் ஓட்டுநர் பிரேக்கையே நம்பி மேற்கியரில் இறங்கினார். சில வளைவுகள் கடந்ததும் கருகல் நாற்றம் எழுந்தது. மிதித்த பிரேக்கின் பிடிப்புத் தளர்ந்தது. இறையருளால் வண்டி ஓரிடத்தில் நின்றது. அது சூடு ஆறும்வரை காத்திருந்த எம்மருகே லாரியை நிறுத்திய முதியவர் ஒருவர், "ஏறுற கியரிலேயே இறங்கணும், தம்பி" என்று மட்டும் கூறிச் சென்றார். அச்சிறு மொழியின் பொருளை ஆராயப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

மலையில் ஏறுங்கால் வண்டி பெற்ற ஆற்றல், இறங்குங்கால் வெளிப்பட்டே தீரும். பிரேக் ஒன்றே அதனைத் தாங்குமாயின் முழுவதும் வெப்பமாகி அதனிடத்தே சேரும். வெப்பம் அளவு கடந்தால் உராய்வு குறையும். கீழ்க்கியரில் இறங்கினாலோ, சக்கரமே எஞ்சினைச் சுழற்ற வேண்டியதாகின்றது. எஞ்சின் அதற்கு இணங்காது எதிர்த்து நிற்கும். அவ்வெதிர்ப்பே இரண்டாவது பிரேக்காக உதவும். எரிபொருள் மிச்சமாகும் எனக் கருதிக் கியரை விடுவித்து இறங்குவோர் இத்துணையை இழக்கின்றனர். இக்காலத்து எஞ்சின்களிற் பெரும்பாலானவை கியரிலிருந்து இறங்கும்பொழுது எரிபொருளைத் தாமே நிறுத்திக்கொள்ளுதலின், அவர் கருதிய மிச்சமும் கைகூடுவதன்று.

இனி, கியரைத் தாழ்த்துவது எங்ஙனம்? திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அவை அரசர்க்கு உரியனவாயினும், ஓட்டுநர்க்கும் அம்மூன்றே போதிய இலக்கணமாம்.

முதலாவது வலியறிதல். ஒரு வண்டியின் மூன்றாங் கியரில், சக்கரத்தோடு இணைந்த தண்டு ஒருமுறை சுழல எஞ்சின் 1.5 முறையும், இரண்டாங் கியரில் 2 முறையும் சுழலும் எனக் கொள்வோம். மூன்றாங் கியரில் நிமிடத்திற்கு 2,400 சுற்றில் ஓடும் எஞ்சின், அதே வேகத்தில் இரண்டாங் கியருக்கு வருங்கால் 3,200 சுற்றை அடைதல் வேண்டும். இடையிலுள்ள 800 சுற்றை ஓட்டுநர் கொடாவிடின், கிளட்சும் சக்கரமும் வலிந்து கொடுக்கும். அப்பொழுது வண்டி குலுங்கும், கிளட்ச் தேயும், மழையில் நனைந்த சாலையாயின் சக்கரம் வழுக்கவும் கூடும். அவ்வெஞ்சின் 6,000 சுற்றுக்கு மேல் தாங்காதது என்றும் கொள்வோம். மூன்றாங் கியரில் 5,000 சுற்றில் விரையுங்கால் இரண்டாவதற்கு மாற்றின், அது ஏறத்தாழ 6,670 சுற்றுக்கு இழுக்கப்பட்டு உடையும். எஞ்சினைக் காக்கும் கருவி எரிபொருளை நிறுத்த வல்லதேயன்றிச் சக்கரத்தின் இழுப்பைத் தடுக்க வல்லதன்று. ஆகலின் முதலிற் பிரேக்கினால் வேகத்தைக் குறைத்துப் பின்னரே கியரைத் தாழ்த்துக.

இரண்டாவது காலமறிதல். கிளட்சை மிதித்துக் கீழ்க்கியருக்கு மாற்றும் அச்சிறு பொழுதில் ஆக்ஸிலேட்டரை ஒருமுறை தட்டி, எஞ்சினை வேண்டிய சுற்றுக்கு உயர்த்திப் பின் கிளட்சை விடுதல் வேண்டும். அளவு சரியாயின் கியர் மாறியதை வண்டியில் இருப்போர் உணரார். கியர்ப் பற்சக்கரங்களின் வேகத்தைத் தானே ஒப்பச் செய்யும் சிங்க்ரோமெஷ் அமைப்பு 1928ஆம் ஆண்டு காடிலாக் வண்டிகளில் வந்தது. அது இல்லாத பழைய லாரிகளை ஓட்டியோர் கிளட்சை இருமுறை மிதித்தனர்: முதன்முறை கியரை விடுவித்தற்கு, கிளட்சை விட்டு எஞ்சினை உயர்த்தியபின் இரண்டாம் முறை கீழ்க்கியரை இடுதற்கு. பந்தய ஓட்டுநரோ, வளைவை நெருங்குங்கால் பிரேக்கை விட இயலாமையின், வலக்காலின் முன்பாகத்தாற் பிரேக்கை அழுத்தியவாறே குதிகாலாலோ பாதத்தின் ஓரத்தாலோ ஆக்ஸிலேட்டரைத் தட்டுவர். இதனைக் கற்போர் முதலில் எஞ்சினை நிறுத்திவைத்துக் காலைப் பழக்குக. பின்னர் ஆளில்லாத வெளியிடத்தில் மெல்லப் பழகுக. பழகாத கால் பிரேக்கின் அழுத்தத்தைத் தளர்த்திவிடும், அல்லது மிகுத்துவிடும்.

மூன்றாவது இடனறிதல். கியரைத் தாழ்த்தும் இடம் வளைவின் முன்னரேயன்றி வளைவினுள் அன்று. வளைவினுட் புகுந்தபின் சக்கரங்களின் பிடிப்பு, வண்டியைத் திருப்புதற்கே பெரிதும் செலவாகின்றது. அங்கே கியர் மாற்றத்தால் ஒரு குலுக்கல் நேரின், எஞ்சிய பிடிப்பும் அறும். மேலும், மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கே முதலுரிமை என்பது சாலை விதி. கீழ்க்கியரில் அடங்கி இறங்குவோனே நின்று வழிவிட வல்லவன்.

இவ்வித்தையை விரைவிற்காகக் கற்க விழையும் இளைஞர்க்கும் இடனறிதல் உண்டு. 1990ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ளது. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் கரிவர்தனின் பெயர் தாங்கிய தடமும் உண்டு. பொதுச்சாலையில் அரசின் எழுத்துவழி இசைவின்றிப் பந்தயம் ஓட்டுதலை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவினால் தண்டிக்கின்றது. தடத்தில் தவறுவோன் பெரும்பாலும் தன் வண்டியையே இழப்பன். சிறுமலைப் பாதையில் தவறுவோனோ, பொழுது சாய வீடு திரும்பும் கூலியாளரையும் பள்ளிச் சிறாரையும் தன்னோடு இழுத்துச் செல்வன்.

நண்பர்களே, சமவெளியில் வண்டி பழகும் நாம் மேன்மேலும் கியரை உயர்த்துதலையே திறமை எனக் கருதுகின்றோம். உயர்த்துங்கால் நேரும் பிழையை வண்டி பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். தாழ்த்துங்கால் நேரும் பிழையை அவ்வாறு பொறாது. பிறர் உயிரைத் தன் பின்னே அமர்த்தி மலையிறங்குவோன், தன் வேகத்தைத் தானே தாழ்த்த அறிந்தவனாதல் வேண்டும். அன்று அம்முதியவர் எமக்குக் கூறிச் சென்றதும் இதுவே.