பெட்டிக்குள் எழுத்து: நம்ம லேபிளை நாமே தயாரிப்போம்



திருநின்றவூர் வட்டாரத்தில் ஊறுகாய், மசாலாப் பொடி, சத்துமாவு செய்து விற்கும் குழுக்களுக்காக இந்த மாதப் பாடம். பொருள் எவ்வளவு தரமாக இருந்தாலும், லேபிளில் ஒரு விவரம் விட்டுப்போனால் கடைக்காரர் யோசிப்பார். கம்ப்யூட்டரில் 'வேர்ட்' இருந்தால் லேபிளை நாமே செய்யலாம். அதற்கு உதவுவது 'டெக்ஸ்ட் பாக்ஸ்'.

டெக்ஸ்ட் பாக்ஸ் என்றால் என்ன?

சாதாரணமாக டைப் அடித்தால் எழுத்து வரிவரியாகப் போகும். நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. டெக்ஸ்ட் பாக்ஸ் நம்ம அஞ்சறைப் பெட்டி மாதிரி. மிளகு ஒரு அறை, சீரகம் ஒரு அறை. ஒவ்வொரு பெட்டியிலும் எழுதி, தாளில் வேண்டிய இடத்துக்கு நகர்த்தி வைக்கலாம்.

செய்யும் முறை

1. மேலே 'இன்சர்ட்' என்பதை அழுத்துங்கள். அதில் 'டெக்ஸ்ட் பாக்ஸ்', அதன் அடியில் 'டிரா டெக்ஸ்ட் பாக்ஸ்' இருக்கும். அதை அழுத்துங்கள்.
2. கூட்டல் குறி போல ஒன்று வரும். மவுஸை அழுத்திப் பிடித்து இழுத்தால் பெட்டி விழும். உள்ளே டைப் செய்யுங்கள்.
3. பெட்டியின் ஓரக்கோட்டை அழுத்தினால் மேலே 'ஷேப் ஃபார்மட்' வரும். அங்கே அகலம் 9 செ.மீ., உயரம் 6 செ.மீ. என்று கொடுங்கள்.
4. எல்லாம் சரிபார்த்த பிறகு பெட்டியைக் காப்பி செய்து ஒட்டுங்கள். ஏ4 தாள் 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. உயரம். பக்கத்துக்கு இரண்டு, கீழே கீழே நான்கு என்று 8 லேபிள் அடங்கும். சரிபார்க்காமல் காப்பி எடுத்தால் ஒரு தப்பு எட்டு தப்பாகிவிடும்!

கவனம்: ஒளிந்துகொள்ளும் வரி

பெட்டியின் அளவைவிட எழுத்து அதிகமானால் கடைசி வரிகள் உள்ளே மறைந்துவிடும். கம்ப்யூட்டர் எச்சரிக்காது. பிரிண்டிலும் வராது. கடைசியில் நாம் எழுதுவது பெரும்பாலும் உரிம எண், காலாவதித் தேதி. போகக் கூடாத வரிதான் போகும். அதனால் பெட்டியின் கீழ் விளிம்பைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். ஒளிந்த வரி வெளியே வரும். அதற்காக விவரத்தைக் குறைக்க வேண்டாம், படிக்க முடியாத அளவு எழுத்தைச் சிறிதாக்கவும் வேண்டாம். பெட்டியைப் பெரிதாக்குங்கள். தாளுக்கு 8-க்குப் பதில் 6 வரட்டும், பரவாயில்லை.

லேபிளில் மறக்கக் கூடாதவை

பொருளின் பெயர், சேர்மானப் பொருட்கள், நிகர எடை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், பேட்ச் எண், அதிகபட்ச விலை, தயாரித்தவர் முகவரி, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், சைவப் பொருளுக்குச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். இந்த விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது விதி. அதோடு தமிழிலும் போடலாம். நம்ம ஊர்க்காரர்கள் படிக்க வேண்டுமே, இரண்டையும் போடுங்கள்.

"அக்கா, பிரிண்ட் கடையில திறந்தா தமிழ் எழுத்து கன்னாபின்னான்னு வருதே?" என்று உறுப்பினர்கள் கேட்பதுண்டு. நாம் பயன்படுத்திய பழைய ஃபான்ட் அந்தக் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் அப்படித்தான் வரும். லதா, நிர்மலா போன்ற யூனிகோட் ஃபான்டில் அடியுங்கள். முடிந்ததும் 'சேவ் அஸ்' போய் பி.டி.எஃப். ஆகச் சேமித்து, அதையே கடைக்குக் கொண்டுபோங்கள். வரி நகராது, எழுத்தும் மாறாது.

வேர்ட் வாங்க வசதியில்லையா? 'லிப்ரே ஆஃபிஸ்' இலவசம். அதிலும் 'இன்சர்ட்' பகுதியில் டெக்ஸ்ட் பாக்ஸ் உண்டு.

பயிற்சி: உங்கள் குழுவின் ஒரு பொருளுக்கு லேபிள் செய்து, முதலில் ஒரே ஒரு தாள் பிரிண்ட் எடுங்கள். ஒருவர் மேலே சொன்ன பட்டியலை வாசிக்க, இன்னொருவர் லேபிளில் விரல் வைத்துப் பார்க்கட்டும். ஒன்றும் விடுபடவில்லை என்றால் மீதியைப் பிரிண்ட் போடலாம். அடுத்த கூட்டத்துக்கு அந்த முதல் தாளைக் கொண்டுவாருங்கள், எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்.