நடுவரின் நாவும் அதற்கான நெறியும்



தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் பகுதிகளில் பொங்கல்தோறும் குடியிருப்போர் நலச்சங்கங்கள் நடத்தும் கோலப்போட்டிக்கும், பள்ளி ஆண்டுவிழாக்களின் பேச்சுப்போட்டிக்கும், ஊதியம் எதுவும் பெறாமல் நடுவராக வந்து அமர்பவர்கள் பலர். அவர்களுடைய நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் என்ன பயிற்சி பெற்றார்கள், அவர்கள் தரும் மதிப்பெண்ணை யார் சரிபார்ப்பது என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. இந்தக் கேள்விக்கு நாற்பது ஆண்டுகளாக விடை தேடி, கண்ட விடையை விதிகளாக எழுதியும் வைத்திருக்கிறது ஒரு துறை. அது வீட்டில் வடித்த பீருக்கான போட்டிகளின் துறை. தன்னார்வ நடுவர் எப்படி உருவாகிறார், எப்படிக் கட்டுப்படுத்தப்படுகிறார் என்பதை அதைக்கொண்டு விளக்குவதே இக்கடிதத்தின் நோக்கம்.

முதலில் சட்டநிலை. 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமமின்றி வீட்டில் மதுவகை எதையும் தயாரிப்பது குற்றம். மது அருந்துவதற்கான குறைந்தபட்ச வயதும் மாநிலத்தில் 21. ஆகவே தாம்பரத்தில் இத்தகைய போட்டிக்கு இடமில்லை. பீர் வடிக்கக் கற்றுத்தருவதும் இங்கே கருத்தன்று. சுவை போன்ற, அளவுகோலுக்கு எளிதில் அடங்காத ஒன்றை நியாயமாக எடைபோடும் முறையே கற்கத்தக்கது. அம்முறைக்கு மாநில எல்லையும் இல்லை, வயது வரம்பும் இல்லை.

பீர் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லியாகிய மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து, இறுத்த இனிப்பு நீரை ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவுடன் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் சேர்த்து நொதிக்கவிட்டுப் பெறும் பானம். அமெரிக்காவில் 1933இல் மதுவிலக்கு நீங்கிய பிறகும் இதை வீட்டில் வடிப்பது கூட்டரசுச் சட்டப்படி தடைசெய்யப்பட்டே இருந்தது. 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டமே அத்தடையை நீக்கியது. அதே ஆண்டில் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் அமெரிக்க வீட்டுப்பீர் வடிப்போர் சங்கம் தோன்றியது. போட்டிகள் பெருகவே, ஓர் ஊரின் நடுவர் தரும் மதிப்பெண்ணுக்கும் மற்றோர் ஊரின் நடுவர் தரும் மதிப்பெண்ணுக்கும் பொருத்தம் வேண்டும் என்ற தேவை பிறந்தது. அந்தச் சங்கமும் வணிகர் சங்கம் ஒன்றும் இணைந்து 1985இல் பீர் நடுவர் சான்றளிப்புத் திட்டத்தைத் தொடங்கின. பி.ஜே.சி.பி. என்று சுருக்கமாக வழங்கும் இத்திட்டத்திலிருந்து 1995இல் அவ்விரு அமைப்புகளும் விலகிக்கொண்டன. அன்றுமுதல் இத்திட்டத்தை நடத்திவருபவர்கள் நடுவர்களே; உறுப்பினர்கள் வட்டாரவாரியாகத் தேர்ந்தெடுக்கும் இயக்குநர் குழுவும், தேர்வுத்தாள் திருத்துவோரும் தன்னார்வலர்களே.

இந்நடுவர்கள் பயன்படுத்தும் மதிப்பெண் தாள் மொத்தம் 50 புள்ளிகளைக் கொண்டது. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனம், குமிழ்ப்பு முதலியவற்றுக்கு 5, ஒட்டுமொத்த மதிப்பீட்டுக்கு 10 என அது பிரிக்கப்பட்டுள்ளது. தோற்றத்துக்கு மூன்றே புள்ளிகள் என்பது கவனிக்கத்தக்கது: கண் எளிதில் ஏமாறும், ஏமாந்த கண் நாவையும் உடன் இழுத்துச் செல்லும்; அந்தப் பங்கு இப்படிச் சுருங்கியிருப்பதால், பளபளப்பான நிறத்தைக் கண்டு மயங்கும் நடுவராலும் பெரிய தீங்கு விளையாது.

தாளைவிடக் கடினமானது சொல்லைக் கற்பது. 'நன்றாக இருக்கிறது', 'ஏதோ குறைகிறது' என்று எழுதும் நடுவரால் வடித்தவருக்குப் பயனில்லை. மார்ட்டன் மெயில்கார்ட் என்னும் அறிஞரின் தலைமையில் 1970களில் உருவான சுவைச் சக்கரம், பீரில் தோன்றக்கூடிய மணங்களையும் சுவைகளையும் வட்டமாக வகைப்படுத்தி, உலகெங்கும் உள்ளோர் ஒரே பொருளுக்கு ஒரே பெயரை வழங்க வழிசெய்தது. சுவை நடுநிலையான பீரில் ஒரு குறிப்பிட்ட வேதிப்பொருளை மிகச் சிறிதளவு கலந்து முகரச் செய்வது பயிற்சியின் வழக்கமான முறை. டையசெட்டைல் கலந்தால் வெண்ணெய் மணம் எழும். டைமெதில் சல்ஃபைடு கலந்தால் வேகவைத்த மக்காச்சோள வாடை. அசெட்டால்டிஹைடு எனில் பச்சை ஆப்பிள். ஐசோஅமைல் அசெட்டேட் எனில் கனிந்த வாழைப்பழம். நாள்பட்டு ஆக்சிஜன் தாக்கிய பீரில் நனைந்த அட்டையின் வாடை வரும். தயிர் கடையும் வீட்டில் வளர்ந்தவரின் மூக்குக்கு இவற்றுள் முதலாவது புதிதன்று: தயிரிலிருந்து எடுத்த வெண்ணெயின் மணத்துக்கும் அதே டையசெட்டைல்தான் காரணம். ஒரு லிட்டர் பீரில் ஏறக்குறைய 0.1 மில்லிகிராம் இருந்தாலே அது புலப்படும். ஆனால் எத்தனை பழகினாலும் அதை உணர இயலாத மூக்குகளும் உண்டு. தம் புலனில் எது பழுது என்பதை நடுவர் கண்டறிந்து ஒப்புக்கொள்வது இப்பயிற்சியின் பெரும்பயன்.

குறையைக் கண்டு பெயரிட்டால் மட்டும் போதாது. காரணத்தையும் தீர்வையும் எழுத வேண்டும். 'வெண்ணெய் மணம் தூக்கலாக உள்ளது. நொதித்தல் அடங்கியபின் மேலும் சில நாள் ஈஸ்ட்டுடனேயே விட்டிருந்தால், ஈஸ்ட்டே அதை உறிஞ்சிக் குறைத்திருக்கும்' என்று எழுதப்பட்ட தாள் ஒரு பாடமாகிவிடுகிறது. அதே போல், சோள வாடைக்கு மூடியிட்டுக் கொதிக்கவைத்தது காரணமாக இருக்கலாம் என்றும், திறந்த பாத்திரத்தில் தளதளவென்று கொதிக்கவிட்டால் அப்பொருள் ஆவியோடு போய்விடும் என்றும் எழுதலாம்.

ஒரு மணம் எப்போது குறை, எப்போது நிறை என்பதை வகைநெறி முடிவுசெய்கிறது. ஒவ்வொரு பீர் வகைக்கும் உரிய மணம், நிறம், கசப்பு, ஆல்கஹால் அளவு ஆகியவற்றை விவரிக்கும் நூலே வகைநெறி. இன்று வழங்கும் பதிப்பு 2021இல் வெளியானது. ஜெர்மானியக் கோதுமைப் பீரான வைஸ்பியரில் கிராம்பும் வாழைப்பழமும் மணக்க வேண்டும். பில்ஸ் என்னும் மென்மஞ்சள் வகையில் அதே கிராம்பு பிழையாகும். இசை கற்றவர்க்கு இது எளிதில் விளங்கும்: மாயாமாளவகௌளைக்கு உரிய அந்தர காந்தாரம் தோடியில் ஒலித்தால் அது பிழையே, ஸ்வரத்தின் மேல் குற்றமில்லை, இடம் பொருந்தவில்லை. தமக்கு எது பிடிக்கும் என்பதை நடுவர் ஒதுக்கிவைத்து, இந்த வகைக்கு எது உரியது என்று கேட்கப் பழகுவதே பயிற்சியின் மையம்.

இவ்வளவும் கற்றவர் முதலில் இணையவழி நுழைவுத்தேர்வில் தேறி, பின்னர் நேரில் சுவைத்தேர்வு எழுத வேண்டும். அதில் 90 நிமிடங்களில் ஆறு பீர்களுக்கு முழுமையான மதிப்பெண் தாள் எழுதப்படுகிறது. அனுபவம் மிக்க நடுவர்கள் வேறோர் இடத்தில் அதே பீர்களைச் சுவைத்துத் தனியே தாள் எழுதுவார்கள். அவர்களுடைய மதிப்பெண்ணோடு பொருத்தம், புலனுணர்வு, விவரிக்கும் திறன், வடித்தவருக்கான ஆலோசனை, தாளின் முழுமை ஆகிய ஐந்தும் சம எடையுடன் மதிப்பிடப்படுகின்றன. திருத்துவோருக்குத் தேர்வரின் பெயர் தெரியாது. தேர்வில் பெறும் விழுக்காட்டுடன், போட்டிகளில் பணியாற்றிச் சேர்க்கும் அனுபவப் புள்ளிகளும் கூடினால்தான் படிநிலை உயரும்: 70 விழுக்காட்டுடன் 5 புள்ளிகள் பெற்றவர் 'சான்று பெற்றவர்', எழுத்துத்தேர்வையும் சேர்த்து 90 விழுக்காட்டுடன் 40 புள்ளிகள் பெற்றவர் 'மாஸ்டர்'. நன்றாகத் தேர்வு எழுதிவிட்டு நடுவர் மேசைக்கு வராதவர் கீழ்ப்படியிலேயே நிற்பார்.

போட்டி நாளின் ஒழுங்கும் இதே கவனத்துடன் அமைந்தது. அடையாளமற்ற புட்டிகளில் எண் மட்டுமே இருக்கும். ஊழியர் ஒருவர் கொண்டுவந்து வைக்கும் அவற்றை நடுவர்கள் குறைந்தது இருவராக அமர்ந்து சுவைப்பார்கள். இருவரும் எழுதி முடிக்கும்வரை பேச்சில்லை, முகக்குறிப்பும் கூடாது. ஏனெனில் மூத்தவரின் ஒரு தலையசைப்பு போதும், இளையவரின் நாக்கு தான் உணர்ந்ததை மறந்துவிடும். பிறகு கலந்து பேசி, இரு மதிப்பெண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை வழக்கமாக ஏழு புள்ளிகளுக்குள் கொண்டுவர வேண்டும். தாம் பங்கேற்கும் பிரிவில் எவரும் நடுவராக இருத்தல் ஆகாது. வாசனைத் திரவியம் பூசி வருவது தவிர்க்கப்படுகிறது; சுற்றுகளுக்கிடையே நீரும் வெறும் ரொட்டியும் நாவைத் துடைக்கின்றன.

பொதுப்பணி ஏற்போரை விதியால் கட்டும் இந்த எண்ணம் தென்சென்னைப் புறநகருக்கு அயலானதன்று. ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைக் கடந்து மேற்கே திரும்பினால் வரும் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. முப்பது குடும்புகள் என்னும் பிரிவுகளிலிருந்து பெயர் எழுதிய ஓலைகள் குடத்தில் இடப்பட்டு, அவற்றில் எழுதியிருப்பதை அறியாத ஒரு சிறுவன் கையால் எடுக்கப்பட்டன. வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். முந்தைய மூன்றாண்டுகளில் பதவி வகித்திருக்கக் கூடாது. பொறுப்பேற்றிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் தகுதியிழப்பர். நிலமும் வேதக்கல்வியும் உடைய ஆடவர்க்கே வாயில் திறந்திருந்த சபை அது. அந்தக் குறுகலைப் போற்றுவதற்கில்லை. எனினும் கணக்குக் காட்டாதவர் மீண்டும் அமரக்கூடாது, உறவு குறுக்கிடக் கூடாது, எடுக்கும் கை பெயரறியாதிருக்க வேண்டும் என்ற மூன்று எண்ணங்களும் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இங்குக் கல்லில் ஏறிவிட்டன.

தம் நாவை எவ்வளவு நம்பலாம் என்பதை இளையோர் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். அதற்குப் பீர் தேவையில்லை, ஃபில்டர் காபி போதும். கலப்பில்லாத காபித்தூளில் ஒரு டிகாஷனும், சிக்கரி கலந்த தூளில் மற்றொன்றும் இறக்கி, பாலும் சர்க்கரையும் ஒரே அளவில் சேர்க்க வேண்டும். ஒரே மாதிரியான மூன்று டம்ளர்களில் இரண்டில் ஒரு காபியையும் ஒன்றில் மற்றதையும் ஊற்றி, வேறுபட்டது எது என்று கேட்பது முக்கோணச் சோதனை எனப்படும். ஊற்றுபவர் ஒருவராகவும், எது எதுவென்று அறியாமல் டம்ளரை நீட்டுபவர் வேறொருவராகவும் இருத்தல் அவசியம். ஆறு முறை கேட்டு ஐந்து முறையேனும் சரியாகச் சொன்னால் நாவை நம்பலாம். வெறும் ஊகத்தால் அது நிகழும் வாய்ப்பு நூற்றில் இரண்டுக்கும் குறைவு. நான்கு முறை மட்டும் சரி எனில், ஊகமே நூற்றில் பத்து முறை அவ்வளவு தூரம் கொண்டுசேர்க்கும் என்பதால், நாவைப் பற்றி இன்னும் எதுவும் சொல்வதற்கில்லை. வாழ்நாளெல்லாம் காபி குடித்தவர்களும் இதில் தடுமாறுவதுண்டு. அந்தத் தடுமாற்றம் தரும் அடக்கமே நடுவராவதற்கான முதல் தகுதி.

நிறைவாக, பி.ஜே.சி.பி. மதிப்பெண் தாளின் தலைப்பகுதியில் உள்ள ஒரு சிறு ஏற்பாடு மனத்தில் இருத்தத்தக்கது. பீரை வடித்தவரின் பெயர் அத்தாளில் இல்லை, எண் மட்டுமே உண்டு; நடுவரின் பெயரும் அவருடைய படிநிலையும் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். தோற்றவருக்கும் அத்தாள் சென்றுசேர்வதால், தம் மதிப்பெண்ணுக்குக் காரணம் என்ன, அதைச் சொன்னவர் யார் என்பதை அவர் அறிவார். வரும் பொங்கலன்று சேலையூரில் ஏதேனும் ஒரு தெருவின் கோலப்போட்டிக்கு இக்கடிதத்தைப் படித்த இளையவர் ஒருவர் நடுவராக அழைக்கப்படலாம். அப்போது கோலங்களுக்கு எண் மட்டும் இடச் சொல்லி, இழையின் சீருக்கு இத்தனை, புள்ளிக் கணக்கின் பொருத்தத்துக்கு இத்தனை என்று முதலிலேயே வகுத்துக்கொண்டு, பரிசு பெறாதவருக்கும் இரண்டு வரி எழுதி, கீழே தம் பெயரையும் அவர் இட்டுக் கொடுப்பாராயின், இத்துறை கற்றுத்தருவதில் பெரும்பகுதியை அவர் கற்றுவிட்டார் என்றே கொள்ளலாம்.