தவறவிட்ட போட்டானுக்குக் கணக்கு

கேள்வி: ஒற்றைப் போட்டானைப் பிடிக்கும் கருவி எத்தனையைத் தவறவிட்டது என்று எப்படித் தெரியும்?

பதில்: போட்டான்களை ஜோடியாகப் பிறக்கவைத்தால் தெரிந்துவிடும். மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் டேவிட் கிளிஷ்கோ 1980-இல் எழுதிய வழி இது. 405 நானோமீட்டர் ஊதா லேசரைத் தகுந்த படிகத்தில் பாய்ச்சினால், அபூர்வமாக ஒரு போட்டான் இரண்டு 810 நானோமீட்டர் போட்டான்களாகப் பிரியும். ஒன்று 'அ' கருவிக்கு, மற்றது 'ஆ'வுக்கு. 'அ' 10,000 முறை 'டிக்' என்று ஒலித்து, அவற்றில் 6,000 முறை 'ஆ'வும் அதே கணத்தில் 'டிக்' என்றால், 'ஆ'வின் திறன் 60 சதவீதம். 'அ'வின் திறன் எவ்வளவு மட்டம் என்பது கணக்கிலேயே வராது; கெட்டிக்காரத்தனம் அங்கேதான். தலைவலி வேறிடத்தில்: வழியில் லென்ஸும் ஃபில்டரும் விழுங்கியவை, இருட்டிலும் தானாக எழும் பொய் 'டிக்'குகள் ஆகிய இரண்டையும் தனியே அளந்து திருத்த வேண்டும். அப்படித் திருத்தாமல் யாராவது சதவீதம் சொன்னால் நம்பாதீர்கள்.