பழைய பாய்மரப் படகு வாங்கத் தகுமா?

மரத்தால் செய்த படகின் முதுமை எவர் கண்ணுக்கும் தெரியும். பலகை இற்றுப்போகும், இடுக்கு விரியும், அடியில் நீர் ஊறும். கண்ணாடியிழைப் படகின் நிலை வேறு. ஐம்பது ஆண்டு கழிந்த பின்னும் ஒருமுறை தேய்த்து மெருகிட்டால் நேற்றுச் செய்ததுபோல் மின்னும். விற்பவர் அம்மெருகைக் காட்டுவார். வாங்குபவர் அதில் மயங்குவார். ஆதலின், இத்தகைய படகொன்று விலைக்கு வரும்போது எதை உற்றுப் பார்ப்பது, எதைப் பொருட்படுத்தாது விடுவது, எந்தக் குறையைக் கண்டால் வணக்கம் சொல்லித் திரும்பிவிடுவது என்பவற்றை முறையாக அறிந்திருத்தல் நன்று.

மும்பையில் பயிலும் நம் மாணவர் சிலர் விடுமுறை நாள்களில் பாய் விரித்தோடக் கற்று வருகின்றனர். நால்வர் ஐவர் சேர்ந்து பழைய படகொன்றை வாங்கினால் என்ன என்ற பேச்சும் அவர்களிடையே எழுந்திருக்கிறது. அவர்களுக்கும், படகு வாங்கும் எண்ணமின்றிப் பொருள்களின் இயல்பை அறிய விரும்பும் ஏனையோர்க்கும் இக்கட்டுரை பயன்படும் என நம்புகிறேன்.

கண்ணாடியிழை என்பது யாது?

நம் கடற்கரை மீனவர் ‘ஃபைபர் படகு’ என வழங்குவது இதனால் ஆனதே. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரையில் இப்படகுகள் மிகப் பெருகின. கண்ணாடியை உருக்கி நுண்ணிய இழையாக இழுத்து, அவ்விழையைத் துணியாக்கி, பாலியெஸ்டர் பிசினில் தோய்த்து, ஓர் அச்சுக்குள் அடுக்கடுக்காக இடுவர். பிசின் இறுகியதும் படகின் உடல் ஒரே துண்டாக வெளிவரும். கட்டடத்தில் கம்பியும் கான்கிரீட்டும் எப்படியோ, இங்கே இழையும் பிசினும் அப்படி. இழுப்பதைத் தாங்குவது இழை. இழைகளை நகராமல் பிடித்திருப்பது பிசின். வெளிப்புறத்தே ‘ஜெல்கோட்’ எனும் வண்ணப் படலம் ஒன்று இருக்கும். நாம் காணும் மெருகெல்லாம் அதன் மெருகே.

இம்முறை 1940-களில் படகுத் தொழிலுக்குள் நுழைந்தது. 1959-இல் நியூயார்க் படகுக் காட்சியில் ‘ட்ரைட்டன்’ என்னும் படகு வைக்கப்பட்டது. கார்ல் ஆல்பர்க் வரைந்து, ரோட் ஐலண்டில் பியர்சன் நிறுவனத்தார் கட்டிய 28 அடிப் படகு அது. அவ்வகையில் ஏறத்தாழ 700 படகுகள் கட்டப்பட்டன. அவற்றுள் பல அறுபது ஆண்டுக்குப் பின்னும் ஓடுகின்றன. புதிய பொருளின் வலிமையை முற்றும் அறியாத அக்காலத்தார், வேண்டியதற்கு மேலாகவே தடிப்பாக இட்டனர் என்று இத்துறையினர் கூறுவர்.

நம் நாட்டார் ஒருவர் காட்டிய சான்றும் உண்டு. 2018-இல் மீண்டும் தொடங்கப்பெற்ற கோல்டன் குளோப் உலகச் சுற்றுப் போட்டியில், 1988-க்கு முன் வரையப்பட்ட படகு வகைகளுக்கே இடம். 2022-இல் தொடங்கிய போட்டியில், நம் கடற்படையின் முன்னாள் அதிகாரி அபிலாஷ் டோமி ‘ரஸ்ட்லர் 36’ என்னும் கண்ணாடியிழைப் படகில் தனியொருவராக உலகைச் சுற்றி, 2023 ஏப்ரலில் இரண்டாமவராகக் கரை சேர்ந்தார். பழைய வகைப் படகு என்பதனாலேயே அதைத் தள்ள வேண்டியதில்லை என்பது இதனால் விளங்கும்.

அவ்வாறாயின் எதைப் பார்த்துத் தள்ளுவது? இக்கட்டுரையின் விடை இதுதான்: வயதைப் பார்க்க வேண்டா; நீர் எங்கே நுழைந்தது, நுழைந்து என்ன செய்தது என்று பாருங்கள்.

உடலில் எழும் கொப்புளம்

பழம்படகு என்றவுடன் பலரும் அஞ்சுவது, நீருள் அமிழ்ந்திருக்கும் பகுதியில் எழும் கொப்புளங்களையே. நீர் மூலக்கூறுகள் ஜெல்கோட்டை மெல்ல ஊடுருவுகின்றன. உள்ளே பிசினிலுள்ள எஸ்டர் பிணைப்புகளை நீர் பகுக்கிறது. அப்பகுப்பில் விளையும் அமிலமும் கிளைக்காலும் நீரில் கரைந்து செறிவான கரைசலாகின்றன. பிறகு நடப்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். செறிவு மிகுந்த பக்கத்தை நோக்கிப் புதுநீர் ஈர்க்கப்படுகிறது, அழுத்தம் ஏறுகிறது, படலம் புடைக்கிறது. இதனாலேயே இந்நோயைச் சவ்வூடு பரவல் என்னும் பெயராலேயே குறிக்கின்றனர். கொப்புளத்தைக் குத்தினால் புளித்த நெடியுடன் நீர் வரும். லிட்மஸ் தாள் சிவக்கும். வெப்பம் மிகுந்தால் இவ்வேதிவினை விரைவுபெறும். ஆதலின் நம் நாட்டுக் கடலில் ஆண்டு முழுதும் மிதக்கும் படகில் இதைத் தேடுவது கடமை.

எனினும் அஞ்சும் அளவுக்கு இது கொடிதன்று. மேற்படலத்தில் சிதறிக் கிடக்கும் சிறு கொப்புளங்களைச் சுரண்டி, நன்கு உலரவிட்டு, எபாக்சி பூசி மூடலாம். கொப்புளத்தின் கீழ் இழையடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

தட்டிப் பார்த்தல்

அடுக்குப் பிரிவை அறிவது எவ்வாறு? சந்தையில் பானை வாங்கும் நம் தாய்மார் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தே வாங்குவர். படகுக்கும் அதுவே முறை. சிறிய பிளாஸ்டிக் சுத்தியலாலோ நாணயத்தாலோ சாண் சாணாகத் தட்டிக்கொண்டே செல்க. அடுக்குகள் இறுகியிருக்கும் இடத்தில் கணீரென ஒலி எழும். பிரிந்த இடத்தில் மந்தமாக ஒலிக்கும். ஒலி மாறும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள். ஒரு மணி நேரத்தில் படகின் மேல் ஒரு வரைபடமே உருவாகிவிடும்.

மேல்தளமே மெய் கூறும்

இனி வருவதுதான் தலையாயது. உடலைவிட மேல்தளமே பெரும்பாலான பழம்படகுகளின் விலையை முடிவு செய்கிறது.

ஒரு பலகையின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடியைப் பொறுத்தது. தடிப்பு இருமடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். ஆனால் தளம் முழுவதையும் கண்ணாடியிழையால் தடிப்பாக்கினால் எடை கூடிப் படகு தலைகனத்துவிடும். எனவே மெல்லிய இரு கண்ணாடியிழைத் தகடுகளுக்கிடையே எடை குறைந்த பால்சா மரத்துண்டுகளை வைத்து ஒட்டினர். ஏற்பாடு மிக நன்று. மரம் உலர்ந்திருக்கும் வரை.

தளத்தின்மேல் கைப்பிடிக் கம்பிகள், கப்பிகள், கொக்கிகள் எனப் பலவும் துளையிட்டு மரையாணியால் முடுக்கப்பட்டிருக்கும். துளையைச் சூழ்ந்த அடைப்புப் பசை சில ஆண்டுகளில் காய்ந்து விலகும். மழைநீர் அவ்வழியே இறங்கி மரத்தை இற்றுப்போகச் செய்யும். மேலும் கீழும் கண்ணாடியிழை அப்படியே இருப்பதால் வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. மேலே நடந்து பாருங்கள். காலடியில் தளம் அமிழ்ந்து எழுந்தால் உள்ளே மரம் இல்லை, சேறுதான் இருக்கிறது என்று கொள்ளலாம். உள்ளங்கை அளவு கெட்டிருந்தால் திறந்து மாற்றலாம். தளத்தில் பாதி கெட்டிருந்தால் அப்பணி படகின் விலையையே விழுங்கிவிடும்.

மும்பையில் தென்மேற்குப் பருவமழையின்போது, ஜூன் முதல் செப்டம்பர் வரை, சிறு பாய்மரப் படகுகளைக் கரையேற்றி வைப்பது வழக்கம். வாங்குபவர்க்கு அதுவே நற்காலம். அடிப்பகுதியைக் கிட்ட நின்று காணலாம். பெருமழை பெய்த மறுநாள் சென்று உட்புறத்து மூலைகளில் கைவைத்துத் தடவிப் பாருங்கள். விற்பவர் மறந்த செய்திகளை மழை சொல்லும்.

எஃகும் ஏராவும்

பாய்மரத்தை நிமிர்த்தி நிறுத்துவன கம்பிவடங்கள். அவ்வடங்களை உடலோடு பிணைப்பன துருவேறா எஃகுத் தகடுகள். ‘துருவேறா’ என்ற பெயரை நம்பிவிடக் கூடாது. அவ்வெஃகைக் காப்பது அதன்மேல் படியும் குரோமிய ஆக்சைடுப் படலம். அது சிதையும்போதெல்லாம் காற்றிலுள்ள ஆக்சிஜனால் மீண்டும் உருவாகும். தகடு தளத்தைத் துளைத்துச் செல்லும் இடுக்கிலோ ஆக்சிஜன் இல்லை, உப்புநீர் உண்டு. அங்கே எஃகு மறைவாக அரிக்கப்பட்டு ஒருநாள் பலத்த காற்றில் அறும், பாய்மரம் சாயும். எனவே ஒரு தகட்டையேனும் கழற்றிக் காட்டுமாறு கேளுங்கள். வடங்களைப் பத்து, பதினைந்து ஆண்டுக்கொருமுறை மாற்றுவது துறையினர் வழக்கம். இறுதியாக மாற்றியது எப்போது என்பதற்குச் சீட்டு இல்லையெனில், மாற்றும் செலவை நீங்களே ஏற்க வேண்டும் என்று கணக்கிடுக.

ஏரா என்பது படகின் அடியில் தொங்கும் கனத்த பகுதி. படகு கவிழாமல் காப்பது அதுவே. பல படகுகளில் அது பெரிய மரையாணிகளால் உடலோடு பிணைக்கப்பட்டிருக்கும். ‘சீக்கி ராஃபிகி’ என்னும் கண்ணாடியிழைப் படகு 2014 மே மாதத்தில் ஆன்டிகுவாவிலிருந்து இங்கிலாந்து திரும்புகையில் அட்லாண்டிக் நடுவே ஏராவை இழந்து கவிழ்ந்தது. அதிலிருந்த நால்வரும் மாண்டனர். அப்படகின் வயது பத்துகூட நிரம்பவில்லை. முன்னர் அது தரைதட்டியதும், பின் செய்த பழுதுபார்ப்பும் ஏராப் பிணைப்பை வலுவிழக்கச் செய்திருக்கலாம் என்று விசாரணையாளர் கருதினர். எனவே ‘எத்தனை ஆண்டுப் படகு?’ என்பதற்கு முன் ‘எப்போதேனும் தரைதட்டியதா?’ என்று கேளுங்கள். ஏராவும் உடலும் கூடும் இடத்தில் விரிசலோ துருக்கசிவோ உண்டா என்று பாருங்கள். உட்புற விட்டங்கள் உடலைவிட்டுப் பிரிந்திருந்தால், விலை எவ்வளவு இறங்கினாலும் அப்படகு வேண்டா.

கணக்கு

குறைகளை மூவகையாகப் பிரிப்பது எளிது. மங்கிய வண்ணம், ஜெல்கோட்டில் மயிரிழைக் கீறல், கிழிந்த மெத்தை ஆகியன முதல்வகை; இவை விலையைக் குறைக்க உதவும் நண்பர்கள். வடம், பாய், இஞ்சின் போன்று செலவை முன்கூட்டி அறியத்தக்கவை இரண்டாம் வகை; இவற்றை விலையிலிருந்து கழித்துப் பேச வேண்டும். இற்ற தளம், பிரிந்த விட்டம், அசையும் ஏரா என அளவறிய முடியாதவை மூன்றாம் வகை. இவை இருந்தால் விலகுவதே அறிவு.

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்பது நம் பழமொழி. எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைக் கொள்வோம். கேட்கும் விலை 3 லட்சம். வடங்களுக்கு 1.2 லட்சம், பாய்களுக்கு 1.5 லட்சம், தளத்துக்கு 2 லட்சம், இஞ்சினுக்கு 80 ஆயிரம். கூட்டினால் 8.5 லட்சம். அதே வகையில் நன்கு பேணிய படகு 7 லட்சத்துக்குக் கிடைக்குமாயின், மலிவென்று எண்ணியதே விலை கூடியது. பழுதுபார்ப்பில் ஒரு பருவம் வீணாவதை நான் சேர்க்கவில்லை. இறுதியில், பேரம் படியும் நிலையில், தனித்த சர்வேயர் ஒருவரை அமர்த்திப் பார்க்கச் செய்யுங்கள். அவர் விற்பவர் காட்டிய ஆளாக இருத்தல் கூடாது.

மாணவர்க்கு இன்னொரு சொல். நாம் இரண்டாண்டில் பட்டம் பெற்றுப் பிரிகிறவர்கள். நிறுத்துமிட வாடகையும் ஆண்டுதோறும் அடிப்பூச்சும் நம்மோடு பட்டம் பெற்றுப் போய்விடா. விலகுவோர் பங்கை யார், எவ்விலைக்கு ஏற்பது என்பதை வாங்குமுன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இறுகிய பாலியெஸ்டரை மீண்டும் உருக்க முடியாது. மரப்படகைப்போல் அது மக்கியும் போகாது. எவரும் பேணாத படகு கரையில் குப்பையாகப் பல்லாண்டு கிடக்கும்.

இத்தனையும் தேர்ந்த பின் ஒரு படகு தேறுமாயின், தயங்காமல் வாங்குங்கள். உலர்ந்த தளமும் உறுதியான ஏராவும் உடைய பழைய படகு, வண்ணம் மங்கியிருப்பினும், மாணவர் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும் நல்ல கலம். மெருகை நாம் பிறகு தேய்த்துக்கொள்ளலாம்.