₹150 பொம்மை, ₹1 லட்சம் ஆஸ்பத்திரி பில்: யார்கிட்ட கேட்கலாம்?

தஞ்சாவூர்னா தலையாட்டி பொம்மைதான். ஆனா லீவுக்கு ஊருக்குப் போற நம்ம பசங்க கையில இருக்கிறது என்னவோ வேளாங்கண்ணி திருவிழாக் கடையில தாத்தா வாங்கிக் கொடுத்த, லைட் எரியுற பிளாஸ்டிக் கார்.

ஒரு உதாரணம். நீங்க சென்னையில வேலை பார்க்கறீங்க. 3 வயசுப் பையன் பாபநாசத்துல தாத்தா வீட்ல இருக்கான். ₹150 காரோட பேட்டரி மூடிக்கு ஸ்குரூ கிடையாது, சும்மா அழுத்தி மூடியிருக்கு. அது கழண்டு, பட்டன் பேட்டரியை முழுங்கிட்டான். (இது உணவுக்குழாய்ல சிக்கினா 2 மணி நேரத்துலயே உள்ள புண்ணாக்கிடும். வாழைப்பழம் கொடுத்துட்டு காத்திருக்காதீங்க, நேரா எமர்ஜென்சிக்குப் போங்க.) எண்டோஸ்கோபி, 4 நாள் அட்மிஷன், உங்களுக்கு 6 நாள் சம்பளப் பிடித்தம். மொத்தம் ₹1.1 லட்சம்னு வைங்க.

கோவத்துல அந்தக் காரைத் தூக்கி வாய்க்கால்ல எறியத் தோணும். எறியாதீங்க. உங்க கேஸே அதுதான். "பொம்மையைத் திருப்பிக் கொடுங்க, காசு தந்துடறோம்"னு கடைக்காரர் சொன்னாலும் கொடுக்காதீங்க. பின்னாடி ஆணையம் அதை லேபுக்கு அனுப்ப வேண்டியிருக்கலாம்.

டப்பாவுல பேரே இல்லையே?

நிறைய பேர் விட்டுடற இடம் இதுதான். தயாரிச்ச கம்பெனி எதுன்னே தெரியல, யார் மேல கேஸ் போடறது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல ஆறாவது அத்தியாயம் முழுக்க, குறையுள்ள பொருளால வர்ற பாதிப்பைப் பத்தினது. பொருள்ல குறை இருந்தா, "நாங்க கவனமாத்தான் தயாரிச்சோம்"னு சொல்லி தயாரிப்பாளர் தப்பிக்க முடியாது. பிரிவு 86 இன்னும் முக்கியம்: தயாரிப்பாளர் யாருன்னு தெரியலைன்னாலோ, அவருக்கு நோட்டீஸே சேர்க்க முடியலைன்னாலோ, விற்ற கடைக்காரர் மேலயே பொறுப்பு வரும். அதனால பேர் இல்லாத டப்பா கடைக்காரருக்குத்தான் ஆபத்து.

அவர்தான் விற்றார்னு நீங்க காட்டணும். பில் இருந்தா நல்லது. திருவிழாக் கடையில யார் பில் கொடுக்கறாங்க? தாத்தா ஜிபே பண்ணியிருந்தா அந்த யுபிஐ பதிவு, கடையோட போட்டோ, கூட வந்தவங்க சாட்சி எல்லாம் உதவும். கேஷ் கொடுத்துட்டு எதுவுமே இல்லைன்னா, நேர்மையா சொல்றேன், கஷ்டம்தான்.

தாத்தா வாங்கினதுக்கு நீங்க எப்படிக் கேட்கறது? வாங்கினவர் சம்மதத்தோட பயன்படுத்தறவரும் நுகர்வோர்தான். குழந்தை மைனர்ங்கறதால பெற்றோர் மனு போடலாம்.

செலவு எவ்வளவு?

மாவட்ட ஆணையத்துல மனுக் கட்டணம், நீங்க பொருளுக்குக் கொடுத்த விலையை வெச்சுத்தான். ₹5 லட்சம் வரைக்கும் கட்டணமே இல்லை. பொம்மை ₹150, நீங்க ₹5 லட்சம் நஷ்டஈடு கேட்டாலும் மனுவுக்குச் செலவு பூஜ்யம். வக்கீல் கட்டாயமில்லை. லேப் பரிசோதனை தேவைப்பட்டா மட்டும் அந்தக் கட்டணத்தை உங்களைக் கட்டச் சொல்லலாம். தஞ்சாவூர்ல போடலாம், இல்ல, நீங்க குடியிருக்கிற, வேலை பார்க்கிற ஊர்லயே போடலாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ராத்திரி பஸ் ஏற வேண்டாம்.

மருத்துவச் செலவு, சம்பள இழப்பு, காயத்தோட வந்த மன உளைச்சல் மூணையும் கேளுங்க. பொம்மை கேஸ் இல்லைன்னாலும், 1998-ல ஸ்பிரிங் மெடோஸ் ஆஸ்பத்திரி வழக்குல உச்ச நீதிமன்றம் குழந்தைக்கு ₹12.5 லட்சம், பெற்றோர் மன வேதனைக்குத் தனியா ₹5 லட்சம்ங்கற உத்தரவை உறுதி செஞ்சது.

டிஸ்சார்ஜ் சம்மரி, ஏ.ஆர். காப்பி, எல்லா பில்லும் எடுத்து வைங்க. ஆபீஸ் குரூப் இன்சூரன்ஸ்ல கிளெய்ம் பண்ணினா ஒரிஜினல் அங்க போயிடும், அதுக்கு முன்னாடி ஸ்கேன் பண்ணிடுங்க. இன்சூரன்ஸ் கொடுத்த தொகையை மனுவுல மறைக்காதீங்க.

ஐஎஸ்ஐ இருக்கா பாருங்க

2021 ஜனவரி 1-லேருந்து, 14 வயசுக்குள்ள பசங்களுக்கான பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். இல்லாத பொம்மையை விற்கறதே குற்றம், உங்க மனுவுக்கும் அது பெரிய பலம். மால்ல வாங்கினா சேஃப்னு நினைக்காதீங்க. 2023 ஜனவரில பெரிய கடைகள்ல ஒரே மாசத்துல 18,600 பொம்மையைப் பறிமுதல் பண்ணினதா பிஐஎஸ் சொல்லிச்சு. முத்திரை பக்கத்துல இருக்கிற லைசென்ஸ் நம்பரை பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டுப் பார்க்கலாம், அதுலயே புகாரும் கொடுக்கலாம்.

நம்ம தலையாட்டி பொம்மை புவிசார் குறியீடு வாங்கினது. அந்தக் குறியீட்டுக்குப் பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு இந்த முத்திரையிலிருந்து விலக்கு உண்டு. அதுல ஐஎஸ்ஐ தேடாதீங்க.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும்? "டப்பாவுல 8 வயசுக்கு மேலன்னு போட்டிருக்கோம்." அப்படிப் போட்டிருந்து 3 வயசுப் பையனுக்குக் கொடுத்திருந்தா உங்க கேஸ் பலவீனம். நீங்களே பிரிச்சு மாத்தியிருந்தாலும் அப்படித்தான். அதனால டப்பாவையும் பத்திரமா வைங்க.

முதல்ல 1915-க்கு போன் பண்ணுங்க, தமிழ்லயே பேசலாம். கடைக்குப் பதிவுத் தபால்ல ஒரு நோட்டீஸ். பதில் இல்லைன்னா இ-ஜாக்ரிதி தளத்துல மனு. கெடு 2 வருஷம், காயம் பட்ட தேதியை இப்பவே போன் காலண்டர்ல போட்டுடுங்க.