எழும் நேரத்திலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்புக்கும் மகன் நான்காம் வகுப்புக்கும் போகிறார்கள். கோடை விடுமுறைக்கு என் அம்மா வீட்டுக்குப் போய் வந்ததிலிருந்து எல்லாம் தலைகீழ். ராத்திரி ஒரு மணி வரை பேச்சும் செல்போனும். காலையில் ஒன்பதரைக்குத்தான் எழுகிறார்கள். பள்ளி திறக்க இன்னும் 10 நாள் இருக்கிறது. ஒன்பது மணிக்கே விளக்கை அணைத்துப் படுக்க வைத்தாலும் புரண்டுகொண்டே கிடக்கிறார்கள். கொஞ்சம் சளி மருந்து கொடுத்தால் தூங்கிவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். கொடுக்கலாமா, டாக்டர்?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

குழந்தைகள் நல மருத்துவர் பதில்: கொடுக்கவே கூடாது, அம்மா. சளி, அலர்ஜிக்கான பழைய வகை சிரப்புகள் மயக்கம் தருவது உண்மைதான். ஆனால் சில பிள்ளைகளுக்கு அதே மருந்து நேர்மாறாகப் படபடப்பையும் துள்ளலையும் கொண்டுவரும். அளவு கூடினால் ஆபத்து. நோய் இல்லாத பிள்ளைக்கு, தூங்க வைப்பதற்காக மட்டும் மருந்து எதற்கு?

ஒன்பது மணிக்குப் படுக்க வைத்ததில்தான் சிக்கல். தூக்கத்தை நாம் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது. மூளைக்குள் இருக்கும் உடல் கடிகாரம் சொன்னால்தான் வரும். இத்தனை நாளும் ஒரு மணிக்குத் தூங்கிப் பழகிய பிள்ளைக்கு, இரவு ஒன்பது என்பது நல்ல விழிப்பு நேரம். நம் கையில் இருப்பது எழுப்பும் நேரம். அதை நகர்த்துங்கள், தூக்கம் தானாகப் பின்னால் வரும்.

தினமும் 20 நிமிடம் முன்னதாக எழுப்புங்கள். ஒன்பதரையில் தொடங்கினால் பத்தாவது நாள் ஆறேகாலுக்குள் வந்துவிடலாம். எழுந்த உடனே வாசலுக்கோ மொட்டை மாடி நிழலுக்கோ அனுப்பி அரை மணி நேரம் இருக்கச் சொல்லுங்கள். அறை விளக்கின் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். வெளியே நிழலில்கூடப் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளுவது அந்த வெளிச்சம்தான். வெயிலுக்குப் பயந்து நாம் ஜன்னலை மூடி, திரையை இழுத்துவிட்டு, ஏசி போட்டு அறையை இருட்டாக்கி வைக்கிறோம். பிள்ளைகளின் உடலுக்கு விடிந்ததே தெரிவதில்லை.

ஒரு எச்சரிக்கை. அவசரப்பட்டு முதல் நாளே ஐந்து மணிக்கு உலுக்கி எழுப்பிவிடாதீர்கள். ஒன்பதரைக்கு எழும் உடலுக்கு ஐந்து மணி நடுராத்திரி மாதிரி. அந்த வேளையில் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை இன்னும் பின்னுக்கே தள்ளும். பள்ளி திறக்கும் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடும் வீடுகளில் முதல் இரண்டு வாரம் பிள்ளைகள் வகுப்பில் தூங்கி வழிவதற்கு இந்தத் திடீர் மாற்றமும் காரணம்.

மகளிடம் கொஞ்சம் பொறுமை வேண்டும். பதின்ம வயதில் உடல் கடிகாரமே தாமதமாகத்தான் ஓடும். அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். அவளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை, தம்பிக்கு 9 முதல் 12. ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானால் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கட்டும், அதற்கு மேல் வேண்டாம். மதியத் தூக்கம் தவிர்க்க முடியாவிட்டால் மூன்று மணிக்கு முன் அரை மணி நேரம். நான்கு மணிக்கு மேல் காபி, டீ, கோலா மூன்றும் கூடாது.

செல்போனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இரவில் வீட்டிலுள்ள எல்லோருடைய போனும் ஹாலில் சார்ஜ் ஏறட்டும், உங்களுடையதும் உங்கள் கணவருடையதும் சேர்த்து. அப்பா கட்டிலில் படுத்துக்கொண்டு ரீல்ஸ் பார்த்தால் பிள்ளை எப்படிக் கேட்கும்?

யாரும் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: மலம் கழிக்கும் பழக்கம். காலைச் சாப்பாடு பதினோரு மணிக்குப் போனால் குடலும் அந்த நேரத்துக்கே பழகிவிடும். பள்ளி திறந்ததும் அந்த உந்துதல் வகுப்பு நடக்கும்போது வரும். பள்ளிக் கழிப்பறைக்குப் போகக் கூச்சப்பட்டு அடக்குவார்கள். மலம் இறுகும், வயிறு வலிக்கும். ஜூன், ஜூலையில் வயிற்று வலி என்று வரும் பல பிள்ளைகளிடம் நான் காண்பது இதைத்தான். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் இட்லியோ கம்மங்கூழோ கொடுங்கள். இரைப்பை நிறைந்ததும் பெருங்குடல் அசையும். சாப்பிட்ட கால் மணி நேரத்தில் கழிப்பறையில் நிதானமாக உட்காரச் சொல்லுங்கள். கீரை, கொய்யா, தண்ணீர் தினமும் இருக்கட்டும்.

இரண்டு, மூன்று வாரம் இப்படிச் செய்தும் பகலில் தூங்கி வழிந்தால், அல்லது இரவில் வாயைத் திறந்து தினமும் குறட்டை விட்டால், டான்சில், அடினாய்டு வீக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.