சுழி சொல்லும் செய்தி

நுழையும்முன்

மின்சாரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது கம்பியில் உண்டா, இல்லையா என்பதை அறிய உதவும் கருவி மல்டிமீட்டர். அது காட்டும் எண்ணைப் படிப்பது எளிது. அதன் பொருளை அறிவதே தேர்ச்சி. ‘சுழி’ என்னும் அளவீட்டைத் தவறாகப் புரிந்துகொண்டால் உயிருக்கே ஊறு நேரலாம். அதனைத் தவிர்க்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு கருவி, மூன்று பணிகள்

மல்டிமீட்டர் மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகிய மூன்றையும் அளக்கும். மின்னழுத்த நிலையில், எண்முறை மல்டிமீட்டரின் உள்தடை பெரும்பாலும் 10 மெகா ஓம் அளவில் இருக்கும். ஆதலால், 230 வோல்ட் முனைகளில் இணைத்தாலும் அதன்வழியே மிகச் சிறிய மின்னோட்டமே பாயும். மின்னோட்ட நிலையில் உள்தடை மிகக் குறைவு. சிவப்பு வடம் ஆம்பியர் துளையில் இருக்கும்போது ஃபேஸையும் நியூட்ரலையும் முனைகளால் தொட்டால், அது குறுக்குச்சுற்றாகிப் பெருந்தீப்பொறி எழும். மின்தடை நிலையில் கருவி தன் மின்கலத்தைக் கொண்டே அளக்கிறது. எனவே, மின்சாரம் துண்டிக்கப்பட்ட சுற்றில் மட்டுமே அந்நிலையைப் பயன்படுத்த வேண்டும்.

பழுதைத் தேடுதல்

அரவை ஆலை ஒன்றின் மும்முனை மோட்டார் இயங்கவில்லை எனக் கொள்வோம். அதன் ஸ்டார்ட்டரில் உள்ள கட்டுப்பாட்டுச் சுற்று 230 வோல்ட்டில் இயங்குகிறது. ஃபேஸிலிருந்து வரும் மின்சாரம் ஃபியூஸ், ஓவர்லோடு ரிலேயின் தொடுமுனை, நிறுத்து பொத்தான், தொடங்கு பொத்தான், காண்டாக்டரின் சுருள் ஆகியவற்றை வரிசையாகக் கடந்து நியூட்ரலை அடைகிறது.

முதலில், மோட்டாருக்குச் செல்லும் முதன்மைச் சுற்றைத் துண்டிக்க வேண்டும். இல்லையேல், சோதனையின்போதே மோட்டார் சுழலத் தொடங்கிவிடும். பின்னர், கருப்பு முனையை நியூட்ரலில் வைத்து, சிவப்பு முனையை ஒவ்வோர் உறுப்பாக நகர்த்த வேண்டும். ஃபியூஸுக்குப் பின் 230, ரிலேக்குப் பின் 230, நிறுத்து பொத்தானுக்குப் பின் சுழி எனில், பழுது அப்பொத்தானிலோ அதனை இணைக்கும் கம்பியிலோ உள்ளது.

சுழிக்குப் பல பொருள்

மூடியுள்ள நல்ல தொடுமுனையின் இருபுறமும் முனைகளை வைத்தால் அளவி சுழியையே காட்டும். ஆயினும், அத்தொடுமுனையின் இருபுறமும் 230 வோல்ட் இருக்கக்கூடும். அளவி காட்டுவது இரு புள்ளிகளுக்கு இடையேயான வேறுபாட்டை மட்டுமே.

இன்னொரு நிலையைக் காண்போம். நியூட்ரல் கம்பி அறுந்திருக்கிறது. தொடங்கு பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது. சுருளின் இரு முனைகளுக்கிடையே அளந்தால் சுழி. ‘மின்சாரம் வரவில்லை’ எனக் கருதிக் கையால் தொடுபவர் அதிர்ச்சிக்கு ஆளாவார். ஏனெனில், எர்த்தைப் பொறுத்து அவ்விரு முனைகளும் 230 வோல்ட்டில் உள்ளன. ஆகவே, ஒவ்வொரு முனையையும் எர்த்துடனும் ஒப்பிட்டு அளத்தல் வேண்டும்.

அளவியின் வடம் உள்ளே அறுந்திருந்தாலும் சுழி தோன்றும். மாறுதிசை மின்சாரத்தை நேர்த்திசை நிலையில் அளந்தாலும் ஏறத்தாழ சுழியே தோன்றும்.

மும்முறைச் சோதனை

இக்குழப்பத்தைத் தீர்க்கும் வழி எளியது. மின்சாரம் உள்ளதென உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில் அளவியைச் சோதிக்க வேண்டும். அடுத்து, ஐயத்திற்குரிய இடத்தை அளக்க வேண்டும். மீண்டும் முதலிடத்திற்கே சென்று அளவி சரியாக இயங்குவதை உறுதிசெய்ய வேண்டும். மூன்றாம் சோதனையை விட்டுவிட்டால், இடையில் அளவி பழுதடைந்திருப்பினும் தெரியாது. பழுதுநீக்கக் கை வைக்கும்முன் மின்சாரத்தைத் துண்டித்து, சுவிட்சைப் பூட்டி, இம்மும்முறைச் சோதனையைச் செய்தல் கட்டாயம்.

பின்பற்ற வேண்டிய நெறிகள்

• மின்சாரம் உள்ள சுற்றில், பயிற்சி பெற்றவர் மேற்பார்வையின்றி மாணவர் அளவீடு செய்யலாகாது.
• வடம் செருகிய துளை, குமிழின் நிலை, வடத்தின் உறை ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.
• கருப்பு முனையை முதலில் இணைத்து, இறுதியில் எடுக்க வேண்டும்.
• இயன்றவரை ஒரு கையால் அளக்க வேண்டும். மறு கை பெட்டியைத் தொடலாகாது. இரு கைகளுக்கிடையே பாயும் மின்னோட்டம் மார்பின் வழியே செல்லும்.
• மோதிரம், கைக்கடிகாரம் முதலியவற்றைக் கழற்றிவிட வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

மூன்று அளவுகளையும் ஒரே கருவியில் அளக்கும் ‘ஏவோ’ மீட்டர் 1923ஆம் ஆண்டு பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அதனை உருவாக்கியவர் அந்நாட்டு அஞ்சல் துறைப் பொறியாளர் டொனால்டு மெக்கடி. ஆம்பியர், வோல்ட், ஓம் ஆகிய அலகுகளின் ஆங்கில முதலெழுத்துகளே அதன் பெயராயின.

கற்பவை கற்றபின்

1. சுருளின் இரு முனைகளுக்கிடையே சுழி தோன்றுவதற்குரிய காரணங்களைப் பட்டியலிடுக.
2. மும்முறைச் சோதனையில் மூன்றாம் படியின் தேவையை விளக்குக.
3. பாடத்தில் கூறப்பட்ட கட்டுப்பாட்டுச் சுற்றை வரைந்து, ஓவர்லோடு ரிலேயின் தொடுமுனை திறந்திருந்தால் ஒவ்வோரிடத்திலும் கிடைக்கும் அளவீட்டைக் குறிக்க.